பூசணம் பிடிச்ச மல்லாட்டையைச் செக்குக்கு அனுப்பாதீங்க

காஞ்சிபுரம் பக்கம் கூரத்துல இருந்து வந்த ஒரு அம்மா, பிரஷர் மாத்திரை வாங்கிட்டுக் கிளம்பும்போது கேட்டாங்க: "மழையில நனைஞ்ச மல்லாட்டை, பூசணம் பிடிச்சிடுச்சு சார். வெயில்ல காயவெச்சு செக்குல ஆட்டிக்கலாமா?"

வேண்டாம்னு சொன்னேன். "அரை மூட்டை சார்"னாங்க.

இது உங்க வீட்டுலயும் வர்ற கேள்விதான், அதனால இந்த இழை.

எல்லாப் பூசணமும் விஷம் கிடையாது. கடலையில நாம பயப்பட வேண்டியது முக்கியமா ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ்ங்கிற பச்சைப் பூஞ்சைக்கு. அதுலயும் எல்லா ரகமும் விஷம் சுரக்காது. அதோட நெருங்கின சொந்தக்காரனை வெச்சுத்தான் ஜப்பான்ல சோயா சாஸ் செய்றாங்க! ஆனா மூட்டையில இருக்கிறது எந்த ரகம்னு கண்ணால பார்த்துச் சொல்ல என்னாலயும் முடியாது.

அது சுரக்கும் விஷம் அஃப்ளடாக்சின். காயவெச்சா பூசணம் வளர்றது நிக்கும். ஏற்கெனவே சுரந்தது வறுத்தாலும் வேகவெச்சாலும் முழுசாப் போகாது. செக்குல ஆட்டினா பெரும்பகுதி புண்ணாக்குக்குப் போகும், கொஞ்சம் எண்ணெயில தங்கும். ரீஃபைன் பண்ணும்போது அது பெரும்பாலும் நீங்கிடும், செக்கு எண்ணெயில அந்த வேலையே இல்ல. (செக்கு அன்பர்கள் சண்டைக்கு வராதீங்க, செக்கு மேல தப்பில்ல, உள்ள போடுற கடலைதான் விஷயம்.) அந்தப் புண்ணாக்கைத் தின்ன மாட்டோட பால்லயும் இந்த விஷம் வேற வடிவத்துல வரும்.

1974-ல குஜராத், ராஜஸ்தான் பழங்குடி கிராமங்கள்ல, மழையில நனைஞ்சு பூசணம் பிடிச்ச மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 397 பேருக்குக் கல்லீரல் பாதிச்சது. 106 பேர் இறந்தாங்க. வேற சோறு இல்லாததால சாப்பிட்டவங்க.

நம்ம ஊர்ல அப்படி ஒரே நாள்ல தெரியாது. கொஞ்சம் கொஞ்சமா வருஷக்கணக்குல உள்ள போய் கல்லீரல் புற்றுநோயா வரலாம். ஹெபடைடிஸ் பி இருக்கிறவங்களுக்கு ஆபத்து பல மடங்கு.

பிடுங்கினதும் நல்லா காயவைங்க, குலுக்கினா உள்ள பருப்பு சத்தம் கேக்கணும். சுருங்கினது, கறுத்தது, பூச்சி அரிச்சதைப் பொறுக்கித் தூரப் போடுங்க. கோழிக்கும் மாட்டுக்கும் வேண்டாம்.

ஆனா இதை விவசாயி தலையில மட்டும் கட்டுறது நியாயமே இல்ல. ஐரோப்பாவுக்குப் போற கடலையை லேப்ல சோதிக்கிறாங்க. நம்ம நாட்டுலயும் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம்னு சட்டத்துல வரம்பு இருக்கு. தெருமுனை செக்குக்கு வர்ற மூட்டையை யார் பார்க்குறா? நல்லா காஞ்ச கடலைக்குக் கூடுதல் விலை குடுங்க. ஒவ்வொரு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துலயும் ஈரப்பதம் பார்த்து, சோதனை பண்ணி, கெட்ட மூட்டைக்கு ஒரு தொகை குடுத்து வாங்கி அழிங்க. அப்போதான் என்னால அந்த அம்மாகிட்ட அரை மூட்டையைத் தூக்கிப் போடச் சொல்ல முடியும்.