சுவருக்குள் ஒரு கடல்

வீட்டின் அழகு காண்போர் கண்ணுக்கு விருந்தளிப்பதுடன் முடிந்துவிடுவதன்று. அவ்வீட்டில் அடைக்கலம் புகுந்த உயிர்கள் யாவும் நிம்மதியாக வாழ்வதிலும் அது அடங்கியுள்ளது. புதிதாக இல்லம் எழுப்பும் நம்மவரிற் சிலருக்கு ஓர் ஆசை பிறந்துள்ளது. வரவேற்பறைச் சுவரைத் திறந்து, அதனுள் பெரிய கண்ணாடித் தொட்டியைப் பதித்து, பவளமும் வண்ண மீன்களுமாகக் கடலையே வீட்டுக்குள் கொணர வேண்டும் என்பதே அது. படைப்பின் விந்தையைக் கண்டு படைத்தவனை நினைவுகூர்வது நன்றே. ஆயினும், சுவரில் உளி படுமுன் சிலவற்றை நீங்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, பாரம். 8 அடி நீளமும், இரண்டரை அடி அகலமும், அதே அளவு உயரமும் கொண்ட தொட்டியில் ஏறத்தாழ 1,400 லிட்டர் நீர் நிற்கும். கடல்நீர் லிட்டருக்கு ஒரு கிலோவினும் சற்று மிகுதியான எடையுடையது. கண்ணாடி, பாறை, இரும்புச் சட்டம் யாவும் சேர்ந்தால் 2 டன்னை எட்டிவிடும். இத்துணைப் பாரத்தை மாடியில் ஏற்றுவதையோ, கூரையைத் தாங்கும் சுவரை வெட்டுவதையோ கட்டடப் பொறியாளரைக் கேளாமல் செய்வது குடும்பத்தையே ஆபத்தில் ஆழ்த்துவதாகும்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத வேலை. முன்னறையில் நாம் காண்பது ஒரு பங்கு எனில், சுவருக்குப் பின்னால் இருப்பது மூன்று பங்கு. ஓராள் நின்று கைவிட்டுத் துலக்கும் இடம், கழிநீர் செல்லும் வழி, ஈரக்காற்றை வெளியேற்றும் விசிறி, நீரை ஏற்றும் பம்பு, நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி ஆகிய யாவும் அங்கே வேண்டும். ஆவியாகிச் செல்வது நன்னீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். ஆதலின் குறைந்ததைத் தூய நன்னீரால் நாள்தோறும் ஈடுசெய்தல் வேண்டும்.

மூன்றாவதே முதன்மையானது. பவளம் கல்லன்று, உயிருள்ள பிராணி. அதன் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு அதற்கு உணவு சமைத்துத் தருகின்றன. கடல்நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தினும் ஒரு டிகிரி மிகுந்து சில வாரங்கள் நீடித்தால், அப்பாசிகளை இழந்து பவளம் வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 1998-லும் 2016-லும் அவ்வாறே நேர்ந்தது. பெருங்கடலே காக்க இயலாததை, சித்திரை வெயிலில் நம் வீட்டுத் தொட்டி காக்குமா? இரவும் பகலும் குளிர்விக்கும் இயந்திரம் ஓட வேண்டும். மின்சாரம் சில மணி நேரம் நின்றால் பிராணவாயு குறைந்து மீன்கள் மடியத் தொடங்கும்.

சிறுவர் ஒருவர் வளர்த்த குருவியைப் பற்றி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்புடன் விசாரித்த நிகழ்ச்சியைச் சான்றாகக் கொண்டு, பிராணிகளை வளர்ப்பது ஆகும் என்பர் மார்க்க அறிஞர். அதே வேளையில், பூனையை அடைத்து வைத்து, உணவும் அளிக்காமல், வெளியே சென்று உண்ணவும் விடாமல் சாகவிட்ட பெண்ணுக்கு நேர்ந்த கதியையும் நாம் கேட்டிருக்கிறோம். வளர்க்க அனுமதி உண்டு. வாட விட அனுமதி இல்லை.

இங்கே இல்லத் தலைவர்களிடம் ஒன்று கேட்க விழைகிறேன். விடுமுறையில் ஊர் வந்து தொட்டியை அமைத்துவிட்டு, நீங்கள் வளைகுடா நாட்டுக்குத் திரும்பிவிடுகிறீர்கள். கோமாளி மீன் நன்கு பேணப்படின் இருபது ஆண்டுகளும் வாழக்கூடியது. அத்தனை காலமும் அதற்கு உணவிட்டு, நீர் சோதித்து, நள்ளிரவில் மின்சாரம் போனால் எழுந்து ஓட வேண்டியவர் யார்? உங்கள் துணைவியாரும் முதிய தாயாரும் அன்றோ! அவர்களின் சம்மதத்தை முதலிற் பெற்றீர்களா?

நான்காவது, சட்டம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் 2001-இல் பாறைப் பவளங்கள் சேர்க்கப்பட்டன. உயிருள்ளதாயினும் காய்ந்ததாயினும் அதனைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். கீழக்கரைக்கு எதிரேயுள்ள தீவுகளையும் உள்ளடக்கிய மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அமைந்தது. முன்னாளில் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளத்தைப் பெயர்த்ததும் ஒரு காரணமாக, அங்கிருந்த 21 தீவுகளுள் இரண்டு நீரில் மூழ்கின. நம் முற்றத்துக் கடலைக் குலைத்து நம் கூடத்தை அலங்கரிப்பது அமானிதத்தைப் பேணுவதாகாது.

வழியே இல்லையா எனில், உண்டு. மண்டபத்திலுள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியுள்ளனர். அவ்வாறு வளர்ந்த மீன்களையும், பீங்கானாலோ சிமெண்டாலோ செய்த பாறைகளையும் கொண்டு, தாங்கக்கூடிய அளவில் ஒரு தொட்டி அமையுங்கள். நீர் நிரப்பியவுடன் மீனை விடாதீர்கள். கழிவின் நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் பொறுத்திருங்கள்.

உங்கள் பிள்ளைகளுக்குப் பவளத்தைக் காட்ட விரும்பினால், அது வாழும் கடலோரத்துக்கே அழைத்துச் செல்லுங்கள். அதனை அதன் இடத்தில் விட்டுவைப்பதும் ஒரு நன்றி செலுத்துதலே. வீண்விரயத்தினின்றும், வாயில்லா ஜீவன்களின் முறையீட்டினின்றும் நம் இல்லங்களை வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக!