அரை மாரத்தானும் அதிகாலைத் தெருவும்

தமிழில் 'ஓடு' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. கூரையின் மேல் கிடப்பதும் ஓடு. பரதேசியின் கையில் இருப்பதும் ஓடு. கடன் கொடுத்தவர் தெருக்கோடியில் வருவதைக் கண்டதும் நம் உள்ளம் நமக்கு இடுகிற கட்டளையும் 'ஓடு' என்பதே. இம்மூன்றும் போதாவென்று இக்காலத்தில் நாலாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. யாரும் துரத்தாமல், எந்த ரயிலையும் பிடிக்கவேண்டிய அவசியமில்லாமல், பணம் கட்டிப் பெயரைப் பதிந்துகொண்டு, மார்பிலே ஓர் எண்ணைக் குத்திக்கொண்டு 21 கிலோமீட்டர் ஓடுவதே அது. அதற்கு அரை மாரத்தான் என்று பெயர்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் நாமும் இந்த நாலாவது ஓட்டத்தில் இறங்கினோம். காரணம் வீரமன்று, வைத்தியர். நம் ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறதென்றும், நாம் நாற்காலியை விட்டு எழுந்தால் அது உட்கார்ந்துவிடக்கூடும் என்றும் அவர் சொன்னார். நடக்கச் சொன்னவர் வைத்தியர்; ஓடச் சொன்னவன் நம் மருமான். ஜனவரி மாதத்தில் சென்னையில் நடைபெறும் மாரத்தானின் அரைப் பங்குக்கு நம்மைக் கேளாமலே நம் பெயரைப் பதிந்துவிட்டு வந்தான். "மாமா, பணம் கட்டியாகிவிட்டது. திருப்பித் தரமாட்டார்கள்" என்றான். மத்தியதர வகுப்புக் குடும்பஸ்தன் ஒருவனை ஓடவைப்பதற்கு இதைக் காட்டிலும் சக்தி வாய்ந்த வாக்கியம் தமிழில் கிடையாது.

மாரத்தான் என்பது கிரேக்க தேசத்து ஊரின் பெயர். கி.மு. 490-ல் அங்கே பாரசீகரை வென்ற செய்தியைச் சுமந்துகொண்டு ஏதென்ஸ் வரையில் ஓடிய வீரன், செய்தியைச் சொல்லிவிட்டு உயிரை விட்டான் என்பது கர்ண பரம்பரைக் கதை. முழு ஓட்டத்தின் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். இந்த விசித்திரமான கணக்கு எங்கிருந்து வந்தது என்று நேயர்கள் கேட்கலாம். 1908-ல் லண்டனில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தபோது வின்ட்ஸர் அரண்மனையில் தொடங்கி, விளையாட்டரங்கில் ராஜ குடும்பத்தார் அமரும் மாடத்துக்கு எதிரே முடியும்படி அளந்து வைத்தார்கள். 1921-ல் அதுவே நிலையான அளவாயிற்று. ஆகவே, கடைசி 195 மீட்டரில் நமக்குப் பிராணன் போகுமானால் அந்தப் பாவம் அரண்மனைக்காரர்களைச் சேரும். அரை மாரத்தானில் பாதிப் பாவந்தான்: 21 கிலோமீட்டரும் 97½ மீட்டரும்.

நம் தேசத்தாரும் இதில் சளைத்தவர்கள் அல்லர். 1920-ல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் மாரத்தானில் பெல்காம் சீமையைச் சேர்ந்த பதெப்பா சௌகுலே ஓடி 19-வதாக வந்தார். 1978-ல் சிவநாத் சிங் ஜாலந்தரில் முழு மாரத்தானையும் சரியாக 2 மணி 12 நிமிஷத்தில் முடித்தார். வெறுங்காலுடன் ஓடிப் பெயர் பெற்றவர் அவர். இந்தச் செய்தியை நம் வீட்டில் வாசித்துக் காட்டியதில் ஓர் அசௌகரியம் நேர்ந்தது. "அப்படியானால் உங்களுக்கு மட்டும் எதற்கு ஏழாயிரம் ரூபாய்க்குப் பாதரக்ஷை?" என்று கேள்வி எழுந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? பூந்தமல்லிக்குப் பூவிருந்தவல்லி என்பது பழைய பெயர். அவ்வூரில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள், தம் நந்தவனத்து மலர்களைச் சுமந்துகொண்டு காஞ்சி வரதருக்குச் சாத்துவதற்காக நாள்தோறும் கால்நடையாகவே போய் வந்தார் என்பது ஐதிகம். ஒருவழித் தூரமே முழு மாரத்தானுக்கு மேற்பட்டது. அவர் மார்பில் எண்ணும் இல்லை. வழியில் வாழைப்பழம் கொடுப்பாரும் இல்லை.

நிற்க. ஓடுகிற விஷயத்தில் இந்தச் சொல்லை உபயோகிக்கலாமா என்று ஐயுற வேண்டாம். ஓட்டத்தின் முதற் பாடமே நிற்பதுதான். நம் நண்பர் ஒருவர் முதல் நாளே எட்டுக் கிலோமீட்டர் ஓடிவிட்டு, மறுநாள் முதல் ஒரு வாரம் மாடிப்படியில் பின்புறமாக இறங்கினார். மூச்சும் இருதயமும் சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக் கணக்கில் அவகாசம் வேண்டும். இதை அறியாதவர்களே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். பேசிக்கொண்டே ஓட முடியவேண்டும். பேச்சு நின்றுபோனால் வேகம் அதிகம் என்று பொருள். வாரத்தில் மூன்று நாள் சிறு ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நெடிய ஓட்டம், மற்ற நாட்களில் நடையும் ஓய்வும் என்பது நம் முறை.

நம் பக்கத்துக் காற்று ஈரம் மிகுந்தது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். உலராமல் வழிகிற வியர்வை வெறும் நஷ்டக் கணக்கு. ஆகையால் சூரியோதயத்துக்கு முன்பே புறப்படவேண்டும். நீர் குடிக்க வேண்டும். நீரை மட்டுமே அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் ரத்தத்தில் உப்புக் குறைந்து அபாயம் நேரும். உப்புப் போட்ட நீர்மோருக்கு இணையான ஔஷதம் நாம் அறிந்தவரையில் இல்லை. உடம்பின் சேமிப்பான சர்க்கரையும் கடும் ஓட்டத்தில் இரண்டு மணிக்கு மேல் தாங்குவது அரிது; எனவே இடுப்புப் பையில் இரண்டு கடலை மிட்டாய். நீரிழிவோ இருதய வியாதியோ உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் ஓடிவிட்டுப் பிறகு தெருவில் ஓடுவது உத்தமம்.

நம் வாசம் அம்பத்தூர். 1951 முதல் சைக்கிள்கள் செய்து தேசமெங்கும் அனுப்பிய ஊர் இது. 1964-ல் தொழிற்பேட்டையும் வந்தது. சக்கரத்துக்கு இவ்வளவு உபகாரம் செய்த ஊர் பாதத்துக்கு என்ன செய்திருக்கிறது என்பதை ஓடிப் பார்த்தால்தான் தெரியும். திருவள்ளூர் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு இடமுண்டு; பேருந்துகளுக்கு உண்டு; ஓரத்தில் ஜல்லி மணலுக்கும் உண்டு. இரண்டு காலுடன் வருகிறவன் மட்டும் இடம் கேட்டு விண்ணப்பம் போட வேண்டும். ஆகவே பாதம் தானாகவே ஏரிக்கரைகளை நாடுகிறது. திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலைத் தாண்டி ஆவடிக்குப் போய், பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதையில் சுற்றிவருவது நம் ஞாயிற்றுக்கிழமை மார்க்கம். 1955-ல் காங்கிரஸ் மகாசபை கூடிச் சோஷலிஸ மாதிரி சமுதாயம் அமைப்பதென்று தீர்மானித்ததும், 1965-ல் விஜயந்தா டாங்கி முதன்முதலாக வெளிவந்ததும் இந்த ஆவடியில்தான். அங்கே நம் சொந்த லக்ஷியம் எல்லாம், ரயிலேறாமல் வீடு திரும்புவதே.

அதிகாலையில் ஓடுகிறவனுக்கு மூன்று பயம். முதலாவது நாய். நாயின் சட்டத்தில் ஓடுகிறவன் எவனும் திருடன். நின்று நடந்தால் விடுதலை. இரண்டாவது, ஐப்பசி மழையில் நீர் நிரம்பிய குழி. அதன் ஆழத்தைக் கால்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாவது, பின்னாலிருந்து விளக்கில்லாமல் வரும் வண்டி. இந்த மூன்றையும் நாம் எதிர்வீட்டு அம்மாளிடம் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் சிரிக்கவில்லை.

அவருக்குக் கல்லூரியில் படிக்கும் பெண் இருக்கிறாள். பள்ளிப் பருவத்தில் ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்கியவள். அந்தப் பெண்ணும் ஓடுகிறாள் என்பது நமக்கு அன்றுதான் தெரிந்தது. எங்கே? மொட்டை மாடியில். ஒரு சுற்று 30 மீட்டர். 5 கிலோமீட்டருக்கு 167 சுற்று; பத்துச் சுற்றுக்கு ஒரு கோடாகச் சுவரில் சாக்குக் கட்டியால் போட்டுக்கொள்கிறாள். எப்போதும் ஒரே பக்கம் திரும்புவதால் ஒரு கணுக்கால் வலிக்கிறதாம். பாதி ஆனதும் திசையை மாற்றிக்கொள்கிறாள்.

"ஓடவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. காலை ஐந்து மணிக்குத் தெருவில் யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்" என்றார் அந்த அம்மாள்.

நாயும் குழியும் வண்டியும் நம் பட்டியலில் இருந்தன. மனிதன் இல்லை. ஆனால் அந்தத் தாயின் பட்டியலில் மனிதன் ஒருவன்தான் இருந்தான்.

அந்த வேளையில் பெண்களே வெளியே வருவதில்லை என்று சொல்வதற்கில்லை. துடைப்பமும் கையுமாகத் தெருவைச் சுத்தம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். முதல் ரயிலில் பூக்கூடை வருகிறது. கம்பெனிப் பேருந்துக்காகச் சாப்பாட்டுப் பையுடன் பெண்கள் சிறு கூட்டமாக நிற்கிறார்கள். பிழைப்புக்காகப் பெண் இருட்டில் போகலாம்; உலகம் அதை ஒப்புக்கொண்டுவிட்டது. தன் விருப்பத்துக்காகப் போவதென்றால்தான் காரணம் கேட்கிறது. 1967-ல் பாஸ்டன் மாரத்தானில் காத்ரின் ஸ்விட்ஸர் என்ற பெண்மணி ஓடியபோது பந்தய அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து அவரை வெளியே இழுக்கப் பார்த்தார். அங்கே பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1972-ல்; ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984-ல். ஆக, பந்தயத்தின் கதவு திறந்துவிட்டது. பந்தயத்துக்குப் பழகுவதற்கு வேண்டிய தெருவின் கதவு இன்னும் சாத்தியிருக்கிறது.

மார்கழி பிறந்தது. நாலரை மணிக்கே கோயில் ஒலிபெருக்கி திருப்பாவையை ஆரம்பித்தது. வாசலுக்கு வாசல் விளக்கு, விளக்குக்கு விளக்கு ஓர் அம்மாள், கையில் கோலமாவு. நம் தெரு 400 மீட்டர் நீளம். எதிர்வீட்டுப் பெண் அன்று மாடியிலிருந்து இறங்கித் தெருவில் ஓடினாள். ஆறு முறை போய்வந்தால் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். கோலங்களை மிதிக்காமல் அவள் ஓடியதே ஓர் அழகு. நாலாம் நாள் இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். யாரும் யாருக்கும் காவல் இருக்கவில்லை. எல்லோரும் தத்தம் வாசலில் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். அதுவே காவலாக இருந்தது.

நம் பந்தயமும் அந்த மாதத்திலேயே நடந்தேறியது. 2 மணி 54 நிமிஷத்தில், எழுபது வயதுப் பெரியவர் ஒருவருக்குச் சற்றுப் பின்னால், நாம் முடித்தோம். சர்க்கரை எல்லைக்கோட்டிலிருந்து இரண்டடி பின்வாங்கியிருப்பதாக வைத்தியர் அறிவித்தார். மருமான் அடுத்த ஆண்டுக்கும் பணம் கட்டிவிட்டான்.

பிறகு தை வந்தது. கோலமாவு டப்பா உள்ளே போயிற்று. வாசல் விளக்குகள் அணைந்தன. எதிர்வீட்டு மாடிச் சுவரில் சாக்குக் கோடுகள் மறுபடியும் ஏறத் தொடங்கின.

நேயர்களிடம் நாம் கேட்பது பெரிய காரியமன்று. தீர்மானம் வேண்டாம், சங்கம் வேண்டாம், வசூலும் வேண்டாம். எப்படியும் ஐந்து மணிக்கு எழுந்து காபிக்கு அடுப்பு மூட்டுகிற வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் பத்தாவது இருக்கும். அவர்கள் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, அந்தக் காபியை வாசற்படியில் உட்கார்ந்து குடிக்கட்டும். பத்திரிகையையும் அங்கேயே படிக்கலாம். ஆண்டில் ஒரு மாதம் நமக்குக் கைவந்த காரியம் மற்றப் பதினொரு மாதங்களிலும் வராமற் போவதற்குக் காரணம் ஒன்றுமில்லை. மின்சாரச் செலவு அற்பம். நம் தெருவில் நாம் ஆரம்பித்துவிட்டோம்; இதுவரையில் நாலு விளக்கு எரிகிறது.