குடியானவரை வினவும் முறை

சைதாப்பேட்டையில் 1860-களில் ஏற்பட்ட சர்க்கார் பண்ணையின் சரித்திரம், புதுக் கருவி செய்வோர் அனைவரும் அறியத்தக்கது. கவர்னர் ஸர் வில்லியம் டெனிஸன் காலத்தில் நீராவிக் கலப்பை முதலிய யந்திரங்கள் சீமையிலிருந்து தருவிக்கப்பட்டன. அவை குடியானவர் வயல்களுக்குள் நுழையவே இல்லை. மரக்கலப்பையைத் தோளில் சுமந்து செல்லலாம். சிறு மாடுகளும் அதனை இழுக்கும். ஒடிந்தால் ஊர்த் தச்சரே செப்பனிடுவார். இவை வயலில் நின்று வினவினால் ஒரே நாளில் தெரியக்கூடிய விஷயங்கள். 1889-ல் இந்தியா வந்த டாக்டர் வோல்க்கர் ஊர் ஊராய்ச் சுற்றிப் பார்த்து, நல்ல இந்தியக் குடியானவர் சராசரி ஆங்கில விவசாயிக்குக் குறைந்தவரல்லர், சிலவற்றில் மேம்பட்டவருமாவர் என்று 1893-ல் வெளியான அறிக்கையில் எழுதினார்.

வினவுவதிலும் விதம் உண்டு. "இக்கருவி நன்றாயிருக்கிறதா?" என்று உத்தியோகஸ்தர் கேட்டால், "நன்றாகத்தான் இருக்கிறதுங்க" என்ற விடையே வரும். வீடு தேடி வந்தவரிடம் குறை கூறுவது மரியாதை அன்று. மானியம் தவறிவிடுமோ என்ற அச்சமும் உண்டு. "கொடுத்தால் வாங்குவீர்களா?" என்பதும் அத்தகையதே. வாங்குவேன் என்று சொல்வதற்குச் செலவு ஏது?

திருந்திய நெல் சாகுபடிக்குரிய உருளைக் களைக்கருவியை எடுத்துக்கொள்வோம். தாம்பரத்துக்குத் தெற்கே, மனைகளுக்கிடையே எஞ்சி நிற்கும் நெல் வயல்களில் களை பறிப்போர் பெரும்பாலும் பெண்களே. அக்கருவியோ சேற்றில் முன்னும் பின்னும் தள்ள வேண்டியது. கனமானது என்பது பலவிடத்தும் கேட்கப்பட்ட முறையீடு. திண்ணையில் அமர்ந்திருக்கும் நிலக்காரரை மட்டும் விசாரித்தால் இது எவ்வாறு வெளிப்படும்? "சென்ற சொர்ணவாரியில் களை எடுத்தது யார்? எத்தனை ஆள், என்ன கூலி? கருவியை எத்தனை நாள் ஓட்டினீர்கள்? இப்போது அது எங்கே இருக்கிறது?" என்று, நடந்ததையே கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு, மாட்டுக்கொட்டகை மூலையைச் சுட்டிக்காட்டும் விரலே சில சமயம் பூரண விடையாகிவிடும்!

கேட்டபின் சற்று மௌனமாயிருத்தலும் அவசியம். நம்மவர் விடை வருமுன் தாமே எடுத்துக் கொடுத்துவிடுகின்றனர்.

இதற்கெல்லாம் அவகாசம் இல்லை, நாளொன்றுக்கு ஐம்பது வீட்டுப் படிவம் நிரப்ப வேண்டும் என்பர். ஐம்பது "ஆம்" சேர்ப்பதினும், ஐந்து வயல்களில் களை எடுக்கும் வேளையில் சென்று பார்ப்பதே மேல் என்பது எமது அபிப்பிராயம். இப்பக்கங்களில் கூலியாட்கள் கட்டட வேலைக்கும் தொழிற்சாலைகளுக்கும் போய்விடுகின்றனர். பயன்படாத கருவி ஒன்றில் இரு பருவம் வீணானால், மூன்றாம் பருவத்தில் அந்நிலத்தில் மனைக்கல் நடப்படலாம்.