நாடி பார்த்தாச்சு... ஈ.சி.ஜி. எடுத்தாச்சா?

"சித்த வைத்தியருக்கு ஈ.சி.ஜி.யில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. ஒரு தப்பு செய்தவன் நான்.

செம்மங்குப்பத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். "நாலு அடி வச்சா மூச்சு வாங்குது வைத்தியரே!" என்றார். நாடி பார்த்தேன். மருதம்பட்டைக் கஷாயம் கொடுத்தேன். இரண்டு மாதம் ஓடிவிட்டது. காலில் வீக்கம் கண்ட பிறகுதான் ஈ.சி.ஜி. எடுக்க அனுப்பினேன். முதல் நாளே அனுப்பியிருக்க வேண்டும்!

நாடி துடிப்பின் வேகத்தைச் சொல்லும், ஒழுங்கைச் சொல்லும். ஆனால் இதயத்தின் வலது கீழறைக்கு வந்த மின் கட்டளை, இடது கீழறைக்குத் தாமதமாகப் போகிறதா என்பதை விரல் சொல்லாது. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு முன்னே இழுக்க, மற்றது பின்னால் தயங்கினால் வண்டி எப்படி ஓடும்? பலவீனமான இதயம் அப்படித்தான் தள்ளாடுகிறது. இதை 'எல்.பி.பி.பி.' என்று எழுதுவார்கள்.

ஈ.சி.ஜி. தாளைப் பாருங்கள். வழக்கமான வேகத்தில் எடுத்தால், ஒரு சின்னக் கட்டம் 40 மில்லி செகண்ட். கீழறைகள் துடிப்பதைக் காட்டும் 'க்யூ.ஆர்.எஸ்.' கோடு மூன்று கட்டத்துக்குள், அதாவது 120-க்குள் இருக்க வேண்டும். நம் பெரியவருக்கு நாலு கட்டம்... 160!

இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு கீழறைகளையும் சேர்ந்து துடிக்க வைக்கும் விசேஷ பேஸ்மேக்கர் (சி.ஆர்.டி.) இருக்கிறது. மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் மூச்சு வாங்குகிறது, எக்கோவில் பம்ப் செய்யும் திறன் 35 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்கிறது, எல்.பி.பி.பி.யோடு க்யூ.ஆர்.எஸ். 150-ஐத் தாண்டுகிறது என்றால் பலன் அதிகம். 130-க்குக் கீழே என்றால் பொதுவாக இதற்காக வைப்பதில்லை. பொருத்தியவர்களிலும் சுமார் மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த பலன் கிடைப்பதில்லை. அதனால்தான் ஆளைத் தேர்ந்தெடுக்க ஈ.சி.ஜி. அவ்வளவு முக்கியம்.

பொருத்தும்போதும் அதுதான் வழிகாட்டி. இதயத்தின் இயற்கையான மின்பாதையிலேயே ஒயரை வைக்கும் புதிய முறையைச் சீன மருத்துவர்கள் 2017-ல் வெளியிட்டார்கள். நம் மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டாக்டர் சண்முக சுந்தரம் பொன்னுசாமி இதைச் செய்து, ஆய்வுக் கட்டுரைகளும் எழுதியிருக்கிறார். நடுச்சுவருக்குள் ஒயரைத் திருகிச் செலுத்தச் செலுத்த, ஈ.சி.ஜி. கோடு மாறுவதைப் பார்த்துத்தான் இடம் சரியா என்று முடிவு செய்கிறார்கள்.

என் கருத்து இதுதான்: மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்று வருகிறவரை ஈ.சி.ஜி. பார்க்காமல் எந்த வைத்தியரும் கஷாயம் கொடுத்து அனுப்பக் கூடாது. இதில் சித்த மருத்துவத்துக்கு எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது மூன்று:

* "க்யூ.ஆர்.எஸ். எத்தனை?" என்று இதய மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

* ஈ.சி.ஜி. தாள் நாளானால் மங்கிவிடும். அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

* கருவி வைத்த பிறகும் ஈ.சி.ஜி. எடுத்துக் கோடு குறுகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கருவியையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

பெரியவருக்குக் கருவி பொருத்தியாகிவிட்டது. முழுக் குணம் என்று சொல்லமாட்டேன். மாத்திரை தொடர்கிறது. ஆனால் டீக்கடை வரை நிற்காமல் நடக்கிறார். இரண்டு மாதம் முன்னாலேயே நடந்திருப்பார்... நான் தாமதிக்காமல் இருந்திருந்தால்!