பூவா, தலையா: நாணயத்துக்கு ஞாபகசக்தி கிடையாது!

‘அஞ்சு தடவை பூ விழுந்தாச்சு... அடுத்தது கண்டிப்பா தலைதான்!’ இப்படி நினைக்காதவர்கள் குறைவு. இந்த நினைப்பு பலருடைய பர்ஸையும் காலி செய்திருக்கிறது.

கணக்கு ரொம்ப சிம்பிள். ஒருமுறை சுண்டினால் பூ விழ வாய்ப்பு 2-ல் 1. அடுத்தடுத்து இரண்டு முறை விழ 4-ல் 1. ஆறு முறை விழ 64-ல் 1. ‘அப்போ ஆறாவது பூ கஷ்டம்தானே?’ என்று கேட்கலாம். இல்லை. 64-ல் 1 என்பது ஆட்டம் தொடங்கும் முன் போடும் கணக்கு. ஐந்து பூ ஏற்கெனவே விழுந்துவிட்டது. மிச்சம் ஒரே ஒரு சுண்டல். அதற்கு மறுபடியும் 2-ல் 1 தான்.

2023 நவம்பர் 19 உலகக் கோப்பை ஃபைனலில் இருந்து 2025 மார்ச் 9 சாம்பியன்ஸ் டிராபி ஃபைனல் வரை, ஒருநாள் போட்டிகளில் இந்தியா தொடர்ந்து 15 டாஸ்களில் தோற்றது. வெறும் 15 டாஸ் போட்டு அத்தனையிலும் தோற்க வாய்ப்பு 32,768-ல் 1. ஆனால், உலகம் முழுக்க பல அணிகள் பல ஆண்டுகளாக டாஸ் போடுகின்றன. எங்காவது, யாருக்காவது இப்படி நடக்கத்தான் செய்யும். ஒரு நாணயத்தை 1,000 முறை சுண்டினாலே, நடுவில் எங்காவது தொடர்ந்து 10 தலை வர சுமார் 38% வாய்ப்பு உண்டு.

சரி, இதில் பணம் எங்கே வருகிறது? ‘தோத்தா டபுளா கட்டு, ஒருமுறை ஜெயிச்சா போதும்’ என்ற ஃபார்முலாவில்தான். 100, 200, 400 ரூபாய் என ஏற்றிக்கொண்டே போனால், பத்தாவது தோல்வியில் கையை விட்டுப் போவது மொத்தம் 1,02,300 ரூபாய். ஜெயித்தால் லாபம்? வெறும் 100 ரூபாய்!

பத்தோடு நிறுத்துவதாக வைத்து இதே ஆட்டத்தை 1,024 முறை ஆடினால், சராசரியாக 1,023 முறை நூறு நூறாக 1,02,300 ரூபாய் சேரும். மீதி ஒரே ஒரு முறையில் அதே 1,02,300 ரூபாய் போய்விடும். நிகர லாபம் பூஜ்யம். இதுவும் நாணயம் நேர்மையாக இருந்தால்தான். நடத்துபவர் கமிஷன் எடுத்தால், நஷ்டம் உறுதி.

தினமும் சின்னச் சின்னதாக ஜெயிப்பதால் ‘நமக்கு டெக்னிக் தெரியும்’ என்று தோன்றும். அதுதான் பொறி. அந்த ஒருநாள் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்று அடுத்த முறை பணம் கட்டப்போகும் நண்பரிடம் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: நீங்க எவ்வளவு விட்டீங்கன்னு அந்த நாணயத்துக்குத் தெரியாது.