கழுவும் காலைப் பார்க்கிறோமா?



நீரிழிவால் காலை இழந்தவரை நலம் விசாரிக்கச் சென்றால், "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்ற சொல்லே முதலில் காதில் விழுகிறது. அவனது நாட்டத்தை மறுப்பவர் நம்மில் எவருமில்லை. ஆனால், ஆறாத புண்ணை மாதக்கணக்கில் மறைத்துவிட்டுக் கால் போனபின் கத்ரின் மீது பழிபோடுவது ஈமான் ஆகாது. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, தமிழகத்தில் நீரிழிவு 14.4 விழுக்காடு என்றது. வயது வந்தோரில் ஏறத்தாழ ஏழில் ஒருவர்! சிங்கப்பெருமாள் கோவிலிலும் தாம்பரத்திலும் ஒரு தொழுகை வரிசையை எண்ணிப் பாருங்கள்.

இரத்தத்தில் நீடிக்கும் மிகைச் சர்க்கரை தமனிகளின் உட்சுவரைச் சிதைக்கிறது. அங்கே கொழுப்பு படிந்து பாதை குறுகுகிறது. முழங்காலுக்குக் கீழுள்ள தமனிகள் பெரிதும் அடைபடுகின்றன. நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் தணியும். "வயதாகிவிட்டது" என்று அதை ஒதுக்குகிறோம். நரம்பும் மரத்தவருக்கு அந்த வலிகூடத் தெரியாது; முள் தைத்தாலும் உணரார். இரத்தம் எட்டாத இடத்தில் புண் ஆறாது, அழுகும். இத்தனைக்கும் மேல் பீடி, சிகரெட்டை விடாதவர் தம் தமனியைத் தாமே நெரிக்கிறார்.

நாம் நாளுக்கு ஐந்து வேளை உளூச் செய்கிறோம். குதிகால் நனையாமல் விட்டோரை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்தார்கள். கால்விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவிக் காட்டினார்கள். புண் ஒளிந்திருக்கும் இடங்களும் அவையே. குழாயைத் திறந்து மூடும் அவசரத்தில் நாம் காலைக் கழுவுகிறோம், பார்ப்பதில்லை.

இனியேனும் பாருங்கள். வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம், ஒரு பாதம் மட்டும் சில்லிடுதல் ஆகியவற்றைக் கவனியுங்கள். விரலிடுக்கின் ஈரத்தைத் துடையுங்கள். குனிய இயலாத பெற்றோரின் பாதத்தைப் பிள்ளைகள் பாருங்கள். அதைவிடச் சிறந்த பணிவிடை எது? மறைமலை நகர், ஒரகடம் ஆலைகளில் நாள் முழுதும் இறுகிய காலணி அணிவோர் வீடு திரும்பியதும் பாருங்கள். புண் கண்டால் மஞ்சள் பூசிக் காத்திராதீர், மருத்துவரிடம் செல்லுங்கள். கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடும் எளிய சோதனை அடைப்பைக் காட்டிக்கொடுக்கும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு வெகுதொலைவில் இல்லை. செங்கல்பட்டு இரண்டாவது ரயில் நிறுத்தம்தான்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. சர்க்கரை முகாம்களில் விரலைக் குத்தி எண்ணைச் சொல்லி அனுப்பினால் போதுமா? ஆண்டுக்கொருமுறை பள்ளிவாசல் வளாகத்தில் மருத்துவரைக் கொண்டு பாதங்களையும் பரிசோதிக்கச் செய்யுங்கள்.

கால் நமக்கு அளிக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.