நல்ல சீட்டைக் கவிழ்ப்பது எப்போது?

கரிசல் பூமியில் கடை வைத்திருப்பவர்களுக்கு, மோசமான சரக்கை எப்போது தள்ளிவிடுவது என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வண்டு விழுந்த பாசிப்பயறும், மழையில் நனைந்து கறுத்த வத்தலும் தாமே சொல்லிவிடும். சிரமமெல்லாம் நல்ல சரக்கில்தான். நிறமும் காரமும் குறையாத வத்தல் குடோனில் இருக்கிறது. மார்க்கெட்டோ வாரா வாரம் இறங்குகிறது. திரும்பி வந்த செக் கையில் இருக்கிறது, "கேஸ் நமக்குத்தான்" என்கிறார் வக்கீல். எதிர்ப்பார்ட்டி பாதிக்கும் குறைவான தொகைக்குச் சமாதானம் பேசுகிறார். விடுவதா, பிடிப்பதா? பயந்து சீக்கிரம் விட்டவர்களையும், ரோஷத்தில் கடைசி வரை பிடித்து முழுகியவர்களையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இந்தக் கணக்கைச் சீட்டாட்டக்காரர்கள் நம்மைவிடத் தெளிவாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். பதின்மூன்று சீட்டு ரம்மியில் எடுத்த எடுப்பிலேயே ஸ்கூட் விட்டால் 20 பாயின்ட், ஆட ஆரம்பித்த பிறகு விட்டால் 40, கடைசி வரை நின்று மாட்டினால் அதிகபட்சம் 80. வெளியேறுவதற்கு விலை உண்டு, அந்த விலை நேரம் ஆக ஆக ஏறும் என்பது இதில் எழுதி வைத்தாற்போல இருக்கிறது. நம் குடோனிலும் இதே கதைதான். எழுதி ஒட்டவில்லை, அவ்வளவே.

இதைச் சொல்வதால் சங்கப் பத்திரிகை சீட்டாட்டத்துக்குக் கொடி பிடிக்கிறது என்று யாரும் எண்ண வேண்டாம். 2022-ல் தமிழக அரசு கொண்டுவந்த இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அவை இரண்டும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அந்தப் பட்டியலை ரத்து செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டமே இயற்றிவிட்டது. ஆட்டம் வேண்டாம், கணக்கு மட்டும் போதும்.

போக்கரில் லிமிட் ஹோல்டம் என்று ஒரு வகை உண்டு. ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, நான்கு சுற்றுப் பந்தயம். லிமிட் என்ற பெயருக்குக் காரணம், ஒரு சுற்றில் எவ்வளவு கட்டலாம் என்பது முன்பே நிர்ணயமானது. கடைசி இரண்டு சுற்றுகளில் அது இரட்டிப்பாகும். அதற்கு மேல் யாரும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. இப்போது உங்கள் கையில் இரண்டு ஏஸ் என்று வைத்துக்கொள்வோம். இதைவிட நல்ல ஆரம்பச் சீட்டு கிடையாது. ஆனால் நடுவில் மூன்று டைமன் விழுந்துவிட்டது. எதிரே இருப்பவர் விடாமல் உசத்துகிறார். அவர் கையில் இரண்டு டைமன் இருந்தால் உங்கள் ஏஸ் ஜோடி செல்லாக்காசு. கவிழ்க்கலாமா?

நடுவில் 180 ரூபாய் சேர்ந்திருக்கிறது. கடைசிச் சுற்றில் நீங்கள் கட்ட வேண்டியது 20 ரூபாய். பத்து முறை இப்படிக் கட்டி ஒன்பது முறை தோற்றால் போவது 180. ஒரே ஒரு முறை ஜெயித்தால் வருவதும் 180. ஆக, பத்தில் ஒரு முறைக்கு மேல் நாம் ஜெயிப்போம் என்று தோன்றினால் கட்டிப் பார்ப்பதே சரி. "எப்படியும் அவனிடம் டைமன்தான்" என்று பெரிய ஞானி போலக் கவிழ்ப்பவர், பத்தில் எட்டு முறை சரியாகவே கவிழ்த்தாலும் மொத்தக் கணக்கில் நஷ்டப்படுவார். லிமிட் ஆட்டத்தில் நல்ல சீட்டைக் கவிழ்ப்பது பெரும்பாலும் தவறாக முடிவது இதனால்தான். அதே இடத்தில் லிமிட் இல்லை, 160 ரூபாய் கிடக்கும்போது எதிராளி இன்னொரு 160-ஐத் தூக்கிப் போடுகிறார் என்றால், 160 கட்டி 320-ஐப் பார்க்கிறோம். மூன்றில் ஒரு முறையாவது ஜெயித்தாக வேண்டும். சீட்டு அதே ஏஸ்தான், முடிவு மாறிவிடுகிறது. இதுவரை நாம் கட்டியது எவ்வளவு என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நடுவில் போட்ட காசு நம்முடைய காசு இல்லை.

வத்தலுக்கு வருவோம். 50 குவிண்டால், குவிண்டால் 15,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் முதல் ஏழரை லட்சம். ஒன்றரை வட்டி வீதம் மாதம் 11,250. குடோன் வாடகை, எடைக் குறைவு, சாக்கு மாற்றும் கூலி எல்லாம் சேர்த்து 15,000 என்று போடலாம். விலை குவிண்டாலுக்கு 2,000 ஏறினால் லட்ச ரூபாய். வட்டியும் வாடகையும் ஜெயித்தாலும் தோற்றாலும் போகிற காசு என்பதால், இருபதில் மூன்று முறை ஏற்றம் வந்தாலே கட்டுப்படியாகும். இந்தக் கணக்கை மனதில் போட்டுத்தான் பலர் "இன்னும் ஒரு மாதம் பார்ப்போமே" என்கிறார்கள்.

இங்கேதான் வழுக்குகிறது. வட்டியும் வாடகையும் மட்டும்தான் செலவு என்று எண்ணும்போது நாம் லிமிட் ஆட்டம் ஆடுவதாக நினைத்துக்கொள்கிறோம். குண்டூர் வரத்து கூடி, குவிண்டாலுக்கு மூவாயிரம் இறங்கினால் ஒன்றரை லட்சம் போய்விடுகிறது. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் குளிர்பதனக் கிட்டங்கிக்கு மாற்றாத வத்தல் பூசணம் பிடித்தால் பேச்சே இல்லை. இறங்குகிற விலைக்கு லிமிட் கிடையாது. நம் கைச்சரக்கின் தரம், இறங்குகிற மார்க்கெட்டை நிறுத்தாது. சொந்த முதலில் வைத்திருப்பவர் ஒரு சுற்று கூடப் பார்க்கலாம். சம்சாரிக்குப் பாக்கி வைத்து, வட்டிக்கும் வாங்கி இருப்பு வைத்தவர், வாங்கிய அன்றே எந்த விலைக்குக் கீழே போனால் விற்பது என்று பேரேட்டில் எழுதி வைப்பது நல்லது. இறங்கும்போது யோசித்தால் மனசு வராது.

எட்டயபுரத்திலேயே இதற்குப் பழைய சாட்சி இருக்கிறது. பாரதியாரின் தகப்பனார் சின்னசாமி ஐயர் அரண்மனை உத்தியோகஸ்தர். கணக்கிலும் யந்திரத்திலும் நாட்டமுள்ளவர். சுற்றிலும் கரிசல் பருத்தி. அரண்மனைச் செல்வாக்கும் உண்டு. இந்தத் தைரியத்தில் ஊரில் பருத்தி ஆலை தொடங்கினார். கையில் இருந்தது நல்ல சீட்டு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எதிரே இருந்தவர்கள் வெள்ளைக்கார முதலாளிகள். அவர்கள் எவ்வளவு ஏற்றினாலும் தாங்கும் மடி உள்ளவர்கள். ஆலை நொடித்தது, பொருளெல்லாம் போயிற்று. 1898-ல் அவர் காலமானபோது மகனுக்குப் பதினாறு வயது நிரம்பவில்லை. தகப்பனார் பொருள் இழந்த துயரத்தைப் பாரதியார் தம் சுயசரிதைப் பாட்டில் எழுதியிருக்கிறார்.

எட்டு ஆண்டுகள் கழித்து, பக்கத்து ஒட்டப்பிடாரத்துக்காரரான வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ல் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி ஆரம்பித்தார். பங்கு ஒன்று 25 ரூபாய், மூலதனம் பத்து லட்சம். கொழும்புப் பாதையில் வியாபாரிகளும் பயணிகளும் சுதேசிக் கப்பலுக்கே வந்தார்கள். வெள்ளைக் கம்பெனி கட்டணத்தை இறக்கியது. கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தது. லிமிட் இல்லாத ஆட்டம் என்றால் அது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், கம்பெனி 1911-ல் கலைக்கப்பட்டது. அவர் பின்வாங்கியிருக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு வாய் வராது. அவர் ஆடியது லாபத்துக்காக அல்ல. ஆனால் லாபத்துக்காகக் கடை நடத்தும் நாம், அடக்க விலைக்குக் கீழே சர்க்கரையும் எண்ணெயும் விற்கும் பெரிய சங்கிலிக் கடைகளோடு அதே சரக்கில் விலை இறக்கிப் போட்டி போட வேண்டியதில்லை. அந்தச் சரக்கில் கவிழ்த்துவிடலாம். சில்லறையாக நிறுத்துக் கொடுப்பது, நாள்கணக்குக் கடன், விசேஷ வீட்டுக்குச் சாமானை வண்டியில் ஏற்றி அனுப்புவது போன்றவற்றில் அவர்களால் நம்மோடு ஏற முடியாது.

எதிர்ப்பக்கத்துச் சத்தத்தையும் எடைபோட வேண்டும். ஒரு தரகர் போன் போட்டு "மார்க்கெட் உடையுது முதலாளி" என்றால் அது ஓர் உசத்தல், அவ்வளவுதான். அவருக்கு வாங்கிக் கொடுக்க வேண்டிய ஆர்டர் இருக்கலாம். வழக்கமாகச் சாம்பிள் கேட்கும் மில்காரர் இரண்டு வாரமாகக் கேட்கவில்லை, பழைய இருப்புக்காரர் ஒருவர் சத்தமில்லாமல் லாரி ஏற்றுகிறார், வெளிமாநில வரத்தும் கூடுகிறது என்று மூன்றும் சேர்ந்து வந்தால் நம்பலாம்.

கடைசியாகச் செக் விவகாரம். இதுதான் நம் வியாபாரத்தில் உண்மையான லிமிட் ஆட்டம்: வக்கீல் செலவும் அலைச்சலும் கூடிப்போனால் இவ்வளவு என்று முன்பே தெரியும். 2015 திருத்தத்துக்குப் பிறகு, செக்கைக் கணக்கில் போட்ட நம் வங்கிக் கிளை இருக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். வெளியூர்ப் பார்ட்டியைத் தேடி ஓட வேண்டியதில்லை. 2018 திருத்தத்தின்படி, வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால நிவாரணமும் நீதிமன்றம் உத்தரவிடலாம். இருந்தும் "போனால் போகுது" என்று விடுகிறவர்களே அதிகம். லட்ச ரூபாய் செக்கு, செலவு 15,000, எதிர்ப்பார்ட்டி 40,000 தருவதாகச் சொல்கிறார் என்றால், வசூலாகும் வாய்ப்பு நூற்றுக்கு 55-க்கு மேல் இருந்தால்தான் வழக்கு லாபம். வருஷங்கள் இழுத்தால் இன்னும் கூட வேண்டும். கடையும் வீடும் உள்ள பார்ட்டி என்றால் நிற்கலாம். கடையைப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டவர் என்றால், தீர்ப்பு எவ்வளவு பலமாக இருந்தாலும் நடுவில் பணம் இல்லை. நாற்பதை வாங்கிப் போடுவதே உத்தமம்.

எது ஆனாலும், பேச்சுவார்த்தை நடக்கிறதே என்று நோட்டீஸைத் தள்ளிப் போடக் கூடாது. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். அது கிடைத்த பிறகு எதிர்ப்பார்ட்டிக்கு 15 நாள். அப்புறம் ஒரு மாதத்துக்குள் புகார். இதில் முதல் தேதியைத் தவற விட்டால் அந்தச் செக்கு நம்மைக் கேட்காமலே கவிழ்ந்துவிடும். நோட்டீஸை அனுப்பிவிட்டு, புகாரையும் கெடுவுக்குள் கொடுத்துவிட்டு, பிறகு எத்தனை நாள் வேண்டுமானாலும் சமாதானம் பேசலாம்.